அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஆடும் டிவி கேம் ஷோ: ஆறு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கொளத்தூர்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

போன மாதம் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு சேனல்காரர்கள் ஆடிஷன் வைத்தார்கள். ஐந்து வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகள், கூடவே அம்மாவோ அப்பாவோ, இருவரும் சேர்ந்து ஆடுகிற கேம் ஷோ. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனோம். என் பையன் ஒன்றாம் வகுப்பு. உள்ளே ஒரு பெண் அவனிடம் "அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" என்று கேட்டார். அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். ரொம்ப நேரம் கழித்து "இந்த ஃபேன் மட்டும் ஏன் சுத்தல?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நேற்று போன் வந்தது, செலக்ட் ஆகிவிட்டானாம்.

அடுத்த வாரம் ஷூட்டிங். பூந்தமல்லி தாண்டி செட். காலை ஏழு மணிக்கு ரிப்போர்ட் பண்ண வேண்டும். இரண்டு டிரெஸ் எடுத்து வர வேண்டும், வெள்ளை கூடாது, பொடிக் கட்டம் கூடாது. ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்றால் "சாயங்காலம் ஆகும் மேடம், முன்னப்பின்ன இருக்கும்" என்கிறார் கோஆர்டினேட்டர்.

பையன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். மாமியாருக்கு ஆசை. இவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். எனக்குப் பாதி மனசு இருக்கிறது, பாதி பயமாக இருக்கிறது.

பெருந்துறைரோடு

நாங்கள் இரண்டு வருடம் முன்னால் போயிருக்கிறோம். எந்த சேனல் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

முந்தின நாள் ராத்திரியே சென்னை வந்து சித்தி வீட்டில் தங்கினோம். ஏழு மணிக்கு செட்டில் இருந்தோம். இட்லி, பொங்கல் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. பத்து மணிக்கு மேக்கப். அப்புறம் உட்கார்ந்தோம், உட்கார்ந்துகொண்டே இருந்தோம். எங்கள் முறை வந்தபோது மணி நாலேகால். என் மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைச் சேர்த்துப் போட்டு என் துப்பட்டாவை விரித்துத் தூங்க வைத்திருந்தேன். தூக்கத்திலிருந்து எழுப்பி, முகத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, நேராக லைட்டுக்குள் கொண்டு போய் நிறுத்தினோம். அவளுக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை.

விளையாட்டு என்னவோ எளிதுதான். நான் வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு பந்தைக் கொண்டு வர வேண்டும், அவள் அதைக் கூடையில் போட வேண்டும். தோற்றுவிட்டோம். அவள் அழுதாள். பக்கத்தில் வந்த கேமரா நகரவே இல்லை. என்னிடமும் "குழந்தைக்காக நீங்க பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்க" என்றார்கள். விளையாடத்தானே வந்தேன், கஷ்டத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எதையோ சொன்னேன், நானும் அழுதேன். டெலிகாஸ்டில் எங்கள் ஆட்டம் ஒரு நிமிடம் வந்தது. அழுகை அதைவிட நீளம்.

தொகுப்பாளர் நல்ல மாதிரி. கேமரா அணைந்த பிறகு வந்து அவளைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதையும் சொல்ல வேண்டும்.

வேளச்சேரி_ரகு

இதைப் படித்த பிறகும் என்ன யோசனை? போக வேண்டாம்.

எடிசன்_சித்தப்பா

கொளத்தூர் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். இந்த வகை ஷோ எல்லாமே கெட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். 1987 கடைசியில் இந்த ஊருக்கு வந்தபோது முதலில் குடியிருந்தது பிலடெல்பியா பக்கம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு.

நிக்கலோடியன் என்ற சிறுவர் கேபிள் சேனலில் 1986 அக்டோபரில் 'டபுள் டேர்' என்று பிள்ளைகளுக்கான ஷோ ஒன்று தொடங்கியிருந்தது. எடுத்தது பிலடெல்பியாவில்தான், டபிள்யூ.எச்.ஒய்.ஒய் என்ற பொது ஒளிபரப்பு நிலையத்தின் ஸ்டுடியோவில். தொகுத்தவர் மார்க் சம்மர்ஸ். அதற்கு கேபிள் வேண்டும், எங்கள் வீட்டில் கிடையாது. 1988-இல் அதையே குடும்பமாக ஆடுகிற மாதிரி மாற்றி 'ஃபேமிலி டபுள் டேர்' என்று ஃபாக்ஸில் போட்டார்கள். ஃபாக்ஸ் ஆன்டெனாவிலேயே வரும். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்று அணிக்கு நாலு பேர்.

ஆட்டம் எப்படி என்றால், முதலில் ஒரு கேள்வி. பதில் தெரியவில்லையா, "டேர்" என்று எதிரணிக்குத் தள்ளிவிடலாம், பணம் இரட்டிப்பாகும். அவர்களுக்கும் தெரியவில்லையா, "டபுள் டேர்" என்று திருப்பித் தள்ளுவார்கள், இன்னொரு மடங்கு ஏறும். பழைய நிக்கலோடியன் ஷோவில் பத்து டாலர் கேள்வி இப்படி இருபது, நாற்பது என்று போகும். திரும்பி வந்ததும் ஒன்று பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 'பிசிகல் சேலஞ்ச்' என்கிற விளையாட்டை ஆட வேண்டும். அந்த விளையாட்டுக்காகத்தான் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். அப்பா தொளதொள கோமாளிப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு இடுப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் தூரத்திலிருந்து க்ரீம் அப்பிய கேக்கை எறிவார்கள், அதை அவர் பேன்ட்டுக்குள் பிடிக்க வேண்டும். பாதி முகத்தில் விழும். சில நொடிகளில் முடிந்துவிடும். பதில் தெரியாமல் முழித்த வீட்டுக்குத்தான் அங்கே நல்ல ஆட்டம் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று நமக்குத் தெரியும்.

கடைசியில் ஜெயித்த அணிக்கு எட்டுத் தடைகள், அறுபது நொடி. ஒவ்வொன்றிலும் ஒரு கொடி ஒளிந்திருக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு மூக்கு, அதற்குள் கையை விட்டுப் பச்சைப் பிசினில் கொடியைத் துழாவ வேண்டும். வெள்ளெலிக் கூண்டில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பெரிய சக்கரம், அதற்குள் ஓட வேண்டும். ஐஸ்க்ரீமும் சாக்லேட்டும் வழிகிற சறுக்குமரத்தில் கீழிருந்து மேலே ஏற வேண்டும். ஒருவர் கொடியை எடுத்து அடுத்தவர் கையில் கொடுத்த பிறகுதான் அவர் ஓடலாம். ஆகவே அம்மா எடுத்தால் பிள்ளை காத்திருக்கும், பிள்ளை எடுத்தால் அம்மா காத்திருப்பார். தலைக்கு ஹெல்மெட், முட்டிக்கும் முழங்கைக்கும் பேட். எட்டும் முடியாவிட்டாலும் அதுவரை எடுத்த கொடிக்கு உண்டான பரிசு அவர்களுக்குத்தான். தோற்ற குடும்பமும் சேர்த்த பணத்தோடுதான் வீட்டுக்குப் போகும்.

ஒரு ராத்திரி, டிவியில் ஓர் அப்பா அந்தச் சறுக்குமரத்தில் பாதி ஏறி, வழுக்கி, குப்புற வந்து விழுந்தார். அவர் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என் மகள் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் அலுவலகச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் அப்பா எங்களோடு விளையாடியதே கிடையாது. நானும் அதுவரை அப்படித்தான் இருந்தேன்.

ஆகவே நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி. அந்த ஷோவில் அம்மாவுக்கு என்ன வேலை? பிள்ளை ஆட, நீங்கள் சோபாவில் உட்கார்ந்து கண் கலங்க வேண்டுமா? இல்லை, நீங்களும் இறங்கி விழுந்து எழ வேண்டுமா? இரண்டாவது என்றால் போகலாம் என்பேன்.

தஞ்சை_மீனாட்சி

சித்தப்பா, படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேக்கையும் க்ரீமையும் முகத்தில் அடித்து விளையாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பருக்கை காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். பிள்ளைக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே யாரும் கேட்கவில்லையா?

எடிசன்_சித்தப்பா

நியாயமான கேள்வி. என் மனைவியும் இதையேதான் சொன்னாள். முட்டை உடைகிற விளையாட்டு வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். எனக்கும் அந்த இடம் உறுத்தத்தான் செய்தது. ஆட்டத்தின் உயிர் சாப்பாட்டில் இல்லை என்பது என் எண்ணம். தண்ணீர், நுரை, களிமண், பலூன் எதை வைத்தும் அதே சிரிப்பைக் கொண்டு வரலாம். அந்த ஷோவில் வருகிற வழவழ பிசினுக்கு அவர்களே 'காக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பின்னாளில் அந்தப் பெயரில் பொம்மைக் கடையிலும் டப்பாவில் விற்றார்கள், எங்கள் வீட்டுக் கம்பளத்தில் ஒட்டிய கறை வீடு மாறுகிற வரை போகவில்லை.

இன்னொன்று. அந்த மார்க் சம்மர்ஸ் வருடக்கணக்காக அந்தக் குப்பைக்கும் பிசினுக்கும் நடுவில் நின்று சிரித்தவர். தனக்கு ஓசிடி இருக்கிறது, எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும் என்று மனம் படுத்தும் நோய் இருக்கிறது என்று 1990-களில் அவரே வெளிப்படையாகப் பேசினார். அதைக் கேட்ட பிறகு பழைய எபிசோடுகளைப் பார்க்கும்போது எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடிவிட்டது. தனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருந்தாலும் அதை ஒரு பிள்ளையின் மேலும் காட்டவில்லை. 2018-இல் அந்த ஷோ திரும்ப வந்தபோது, தொகுத்தது லைசா கோஷி என்ற இளம்பெண். மார்க் சம்மர்ஸும் கூடவே வந்து வர்ணனை செய்தார்.

ஈஸ்ட்ஹாம்_ராஜி

லண்டனில் இருந்து எழுதுறன். எங்கட பிள்ளையள் சின்னனாக இருக்கேக்க பிபிசியின் சிறுவர் சேனலில் 'காப்பிகேட்ஸ்' எண்டு ஒண்டு போகும். ரெண்டு குடும்பம். வரிசையாக நிண்டு, ஒராள் பார்த்ததை அடுத்த ஆளுக்கு நடிச்சுக் காட்ட வேணும், இல்லாட்டிப் படம் கீறிக் காட்ட வேணும். கடைசி ஆளிடம் வந்து சேரேக்க 'யானை' தேத்தண்ணிக் கேத்திலாக மாறியிருக்கும். தாய் தகப்பன் பிழை விட்டால் பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒருத்தரும் அழுததாக எனக்கு ஞாபகமில்லை.

அதுக்கு முந்தி, 1955-இல் தொடங்கின 'க்ராக்கர்ஜாக்' எண்ட பழைய நிகழ்ச்சியைப் பற்றி இங்க பிறந்து வளர்ந்த என்ர பக்கத்து வீட்டு அன்ரி சொல்லுவா. அதில் ஒரு விளையாட்டு: சரியாகப் பதில் சொன்னால் பரிசுப் பொருளை மாறி மாறிக் கையில் ஏத்துவினம், பிழையாகச் சொன்னால் கோவாவை (முட்டைக்கோஸை) ஏத்துவினம். எல்லாத்தையும் கீழே விழுத்தாமல் அணைச்சுப் பிடிக்க வேணும். ஆனால் பங்குபற்றின பிள்ளைக்கு வெண்டாலும் தோத்தாலும் 'க்ராக்கர்ஜாக்' எண்டு எழுதின பென்சில் உண்டு. அன்ரிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அந்தப் பென்சில் தனக்குக் கிடைக்கேல்லை எண்டு இப்பவும் சொல்லுவா. தோத்த பிள்ளை கையில் என்னத்தோட வீட்டுக்குப் போகுது எண்டு கேளுங்கோ தங்கச்சி. அது முக்கியம்.

செட்_ஆள்

பதினோரு வருடம் கேம் ஷோக்களில் வேலை பார்த்தேன், முதலில் உதவி இயக்குநர், கடைசியில் ஃப்ளோர் மேனேஜர். இப்போது வேறு தொழில். பெருந்துறைரோடு அக்கா எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

ஏழு மணிக்கு வரச் சொல்லி நாலு மணிக்கு ஆட வைப்பது ஏன் என்றால், ஃப்ளோர் வாடகை, லைட், கேமரா எல்லாமே நாள் கணக்கு. ஒரே நாளில் இரண்டு, மூன்று எபிசோடு எடுத்தால்தான் கட்டுப்படியாகும். எந்தக் குடும்பம் டிராஃபிக்கில் மாட்டும் என்று தெரியாது, அதனால் மூன்றாவது எபிசோடு ஆட்களையும் காலையிலேயே வரவழைத்துவிடுவார்கள். காலையில் ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆணி அடித்துக்கொண்டிருக்கும், லைட் மாறிக்கொண்டிருக்கும், தொகுப்பாளர் பதினொன்றுக்குத்தான் ஃப்ளோருக்கே வருவார். அத்தனை நேரமும் பிள்ளைகள் ஒரு ஏசி அறையில் அடைந்து கிடப்பார்கள். ஆகவே "நாங்கள் எத்தனையாவது எபிசோடு?" என்று கேளுங்கள். முதல் எபிசோடு கேளுங்கள். கிடைக்காவிட்டால், மதியம் வருகிறோம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். உங்களுக்காக நேரத்தை மாற்ற முடியாது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கேட்டவர்களுக்கு நாங்கள் மாற்றிக் கொடுத்திருக்கிறோம். கேட்டவர்கள்தான் குறைவு.

விளையாட்டுகளை முதலில் ஆடிப் பார்ப்பது யார் தெரியுமா? எங்களைப் போல இருபத்தைந்து வயது உதவி இயக்குநர்கள். எங்களுக்கு இடுப்பளவு மேசை, ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாடையில் இடிக்கும். ஒரு முறை அப்படி ஆகி, ஆர்ட் டைரக்டர் தன் மகளையே அழைத்து வந்து அளவெடுத்து எல்லா மேசையையும் அறுத்தார். அந்த மாதிரி ஆள் இருக்கிற செட் நல்ல செட்.

இடுப்பில் மைக்கின் பேட்டரிப் பெட்டியைக் கட்டுவார்கள், அது சின்னப் பிள்ளைகளுக்குக் குத்தும். உள்ளே ஒரு பனியன் போட்டு அதற்கு மேலே கட்டச் சொல்லுங்கள். ஆட்டத்தைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். உள்ளே வருவது, கை தட்டுவது, ஆச்சரியப்படுவது இதையெல்லாம்தான் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். ஒரே பரிசுப் பெட்டியைப் பார்த்து மூன்றாம் தடவை ஆச்சரியப்பட ஆறு வயதுப் பிள்ளைக்கு வராது. அங்கேதான் பெற்றவர்கள் பிள்ளையை அதட்ட ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து அதட்டாதீர்கள். "வரல, விட்டுடுங்க" என்று எங்களிடம் சொல்லுங்கள், விட்டுவிடுவோம்.

அழுகை விஷயம். கன்ட்ரோல் ரூமிலிருந்து ஹெட்செட்டில் "டைட் போ, டைட் போ" என்று குரல் வரும். கேமராமேன் கிட்டே போவார். நானே அந்தக் குரலைக் கேட்டு, ஓடி வந்த ஓர் அம்மாவைக் கையை நீட்டித் தடுத்திருக்கிறேன். ஃப்ரேமுக்குள் வந்துவிடுவார் என்று. என் மகள் பிறந்த பிறகு அந்த வேலைக்கு நான் போகவில்லை. உங்கள் பிள்ளை அழுதால் யார் கை நீட்டினாலும் நிற்காதீர்கள் அக்கா, உள்ளே போய்த் தூக்குங்கள். நீங்கள் ஃப்ரேமில் நின்றால் அவர்கள் வெட்டித்தான் ஆக வேண்டும்.

பெருந்துறைரோடு

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. அன்றைக்கு என்னையும் ஒருவர் தடுத்தார். அது நீங்களாக இருக்காது, இருந்தாலும் பரவாயில்லை.

மதுரை_வக்கீல்

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது, சேனலில் போன் பேசுகிறவர்களுக்கும் தெரியாது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்பதில் கலைஞராகப் பங்கேற்பதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்கு என்னென்ன நிபந்தனை என்று 2017 விதிகள் சொல்கின்றன. ரியாலிட்டி ஷோ, வினாடி வினா, திறமைப் போட்டி எல்லாம் அதற்குள் வருகிறது. "இது வேலை இல்லை மேடம், விளையாட்டு" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அந்த விதிகளின்படி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது. இடைவெளி விடாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், பங்கேற்கும் பிள்ளைகளின் பட்டியலும் பெற்றோர் சம்மதமும் அதோடு போயிருக்க வேண்டும். ஐந்து பிள்ளைக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் வேண்டும், அவர் பெயரை நீங்கள் கேட்கலாம். பிள்ளைக்கு வருமானம் கொடுத்தால் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த வரி, பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்கேற்க வைக்கக் கூடாது என்பது. பெற்றோரின் விருப்பம் மட்டும் போதாது, பிள்ளையின் விருப்பமும் வேண்டும்.

கையெழுத்துப் போடுகிற ஃபார்மை முதல் நாளே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். செட்டில் நின்றுகொண்டு, மேக்கப் போட்ட பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு பக்கம் யாராலும் படிக்க முடியாது.

கால்டாக்ஸி_அப்பா

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நான் வேறு மாதிரி ஒன்று சொல்கிறேன்.

எனக்கு ராத்திரி ஓட்டம். நான் வரும்போது மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள், அவள் வரும்போது நான் தூங்குவேன். அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது என் மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் கடைசி நேரத்தில் அவளோடு ஒரு ஷோவுக்கு நான் போனேன். என் வலது காலையும் அவள் இடது காலையும் சேர்த்துக் கட்டி ஓடச் சொன்னார்கள். இரண்டு எட்டு வைத்ததும் விழுந்தேன், அவளும் விழுந்தாள். எழுந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, நான் சொல்றப்ப மட்டும் வைங்க. கட்டுன கால், கட்டாத கால். கட்டுன கால், கட்டாத கால்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். போய்ச் சேர்ந்துவிட்டோம், கடைசியாகத்தான். பரிசாக வந்த மிக்ஸி எப்போதோ ரிப்பேர் ஆகிவிட்டது. இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. எங்கேயாவது கூட்டத்தில் சேர்ந்து நடந்தால் மெதுவாக "கட்டுன கால்" என்பாள், நான் "கட்டாத கால்" என்பேன். அந்த ஒரு நாள் இல்லையென்றால் எங்களுக்கு இந்த வார்த்தை கிடைத்திருக்காது.

ஒன்றாம்வகுப்பு_டீச்சர்

கால்டாக்ஸி அப்பா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கூடவே விழுந்தீர்கள் பாருங்கள், அதுதான் வித்தியாசம்.

நான் பயப்படுவது விளையாட்டைப் பார்த்து இல்லை, கேள்வியைப் பார்த்து. 'குட்டி சுட்டீஸ்'-இல் இமான் அண்ணாச்சி வாண்டுகளோடு பேசுவதை நானும் ரசித்துப் பார்த்தவள்தான். சின்னப் பிள்ளைக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்கிற வேலி கிடையாது, அந்த அழகுதான் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் "வீட்டில் யார் யாரை அடிப்பார்கள்?" என்கிற மாதிரி ஒரு கேள்விக்கு ஐந்து வயதில் சொன்ன பதில் யூடியூபில் அப்படியே கிடக்கும், பிள்ளை வளர்ந்துவிடும். என் வகுப்பில் ஒரு பையன் அப்படி ஒரு ஷோவில் சொன்ன ஒரு வரியை மூன்றாம் வகுப்பு அண்ணன்கள் வந்து ஜன்னலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் பென்சில் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருப்பான்.

"அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" என்று கேட்டால் உங்கள் மகன் ஃபேனைப் பார்த்தான் இல்லையா? அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான். அந்த மாதிரிக் கேள்வி வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

போரூர்_கவிதா

ஒரு சின்னத் தகவல். ஜீ தமிழில் 2019-இல் 'சூப்பர் மாம்' வந்ததே, அதை அர்ச்சனாவும் அவர் மகள் ஸாராவும் சேர்ந்து தொகுத்தார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். மேடையில் நடத்துகிறவர்களும் ஓர் அம்மாவும் பிள்ளையும்.

கொளத்தூர்_அம்மா

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இவரையும் உட்கார வைத்து முழுவதும் படிக்க வைத்தேன்.

இன்று கோஆர்டினேட்டரிடம் பேசினேன். எத்தனையாவது எபிசோடு என்று கேட்டேன், மூன்றாவதாம். அப்படியானால் ஒரு மணிக்குத்தான் வருவேன், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்றேன். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் வேறொருவர் பேசினார், தயாரிப்பில் பொறுப்பாக இருக்கிறவராம். ஆட்சியர் அனுமதி பற்றிக் கேட்டதும் "இருக்கு மேடம், காப்பி அனுப்புறேன்" என்று உடனே அனுப்பிவிட்டார். ஃபார்மும் வந்தது. குடும்பக் கேள்வி வேண்டாம், கஷ்டக் கதை சொல்ல மாட்டேன் என்றேன். "விளையாட மட்டும் வாங்க" என்றார். சித்தப்பா சொன்ன கேள்வியையும் கேட்டேன். எல்லா ஆட்டத்திலும் அம்மா உண்டாம்.

போகிறோம். இவர் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார்.

எடிசன்_சித்தப்பா

நல்லது அம்மா. மாற்று உடை மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு மறக்க வேண்டாம்.

தஞ்சை_மீனாட்சி

போய் வந்து கட்டாயம் எழுதுங்கள்.

கொளத்தூர்_அம்மா

போய் வந்துவிட்டோம். நேற்று முன்தினம்.

ஒரு மணிக்குப் போனோம், இரண்டரைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பனியன் மேல் மைக் கட்டினார்கள், செட் ஆள் தம்பிக்கு நன்றி. முதல் ஆட்டம் பலூனை முதுகுக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது. என் உயரத்துக்கும் அவன் உயரத்துக்கும் பலூன் அவன் தலையில்தான் நிற்கிறது. நான் முழங்காலை மடக்கி வாத்து மாதிரி நடந்தேன். அதில் ஜெயித்தோம்.

இரண்டாவதில் ஒரு தொட்டி. மைதாக் கரைசலில் மஞ்சள் கலர் கலந்து ஊற்றி வைத்திருந்தார்கள். பிள்ளை உள்ளே இறங்கி அடியில் கிடக்கும் எழுத்துகளை எடுத்துத் தர வேண்டும், அம்மா வார்த்தையாகச் சேர்க்க வேண்டும். (மீனாட்சி அக்கா, உங்களை நினைத்துக்கொண்டேன். எனக்கும் மனசு ஒப்பவில்லை.) அவன் விளிம்பு வரை போனான். விரலை விட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்து "அம்மா, எனக்கு வேணாம்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். மைக் இருந்ததால் செட் முழுக்கக் கேட்டது. தொகுப்பாளர் "சும்மா இறங்கு கண்ணா, ஜாலியா இருக்கும்" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கை தட்டி உற்சாகப்படுத்த ஆரம்பித்தார்கள். அவன் முகம் மாறியது. வக்கீல் ஐயா எழுதிய வரி அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. "அவன் வேண்டாம்னு சொல்லிட்டான் சார், நான் இறங்குறேன், அவன் வார்த்தை சேர்க்கட்டும்" என்றேன். ஒரு நிமிடம் எல்லாம் நின்றது. ஃப்ளோர் மேனேஜர் காதில் கையை வைத்து எதையோ கேட்டுவிட்டு, சரி என்று தலையசைத்தார்.

இறங்கினேன். கால் வைத்ததும் வழுக்கி முழுவதும் உள்ளே போய்விட்டேன். எழுந்தபோது கண் தெரியவில்லை, காது அடைத்துவிட்டது. அவன் சிரிப்பு மட்டும் எங்கிருந்தோ கேட்டது. நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவன் எழுத்தைத் தன் சட்டையில் துடைத்துத் துடைத்து அடுக்கினான். 'பட்டம்' என்று வர வேண்டும். 'பட்ம்' வரை வந்தோம். இன்னொரு 'ட' கிடைக்கவே இல்லை. மணி அடித்துவிட்டது, தோற்றோம். அவன் அழவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து என் முகத்தைத் துடைத்தான், அதற்குள் இன்னும் இரண்டு கேமரா வந்துவிட்டது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

தோற்ற பிள்ளைகளுக்கு ஒரு வண்ணப் பென்சில் பெட்டி கொடுத்தார்கள், ராஜி அக்கா. இரவு அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். டெலிகாஸ்ட் தேதி இன்னும் சொல்லவில்லை.

எனக்குக் காதுக்குள் இருந்து இன்று காலை வரைக்கும் மஞ்சள் மாவு வந்துகொண்டிருக்கிறது. நான் குளிக்கும்போது அவன் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறான்: "அம்மா, 'ட' வந்துச்சா?"